அரம் பட்ட பூ

அத்தியாயம் 14

சமையலறைச் சன்னலில் இரண்டு தம்ளர் தண்ணீர் இருந்தது.

ரோசலிக்கு அது முப்பத்தொன்பது நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா வாசில் காச்மர் கண்ணை மூடிய அன்று அம்மா ஓல்கா அங்கே தண்ணீரும் ஒரு துண்டு ரொட்டியும் வைத்தாள். செத்தவர் நாற்பது நாள் வீட்டைச் சுற்றி வருவார், அவருக்குத் தாகம் எடுக்கும். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரு தம்ளர்தான் வைப்பார்கள்.

"இதென்னம்மா ரெண்டு?"

"ஒண்ணு உங்கப்பாவுக்கு."

"இன்னொண்ணு?"

அம்மா ரொட்டியைத் திருப்பி வைத்தாள். "கார் கண்ணாடில பனி உறைஞ்சு கெடக்கு. சுரண்டிட்டுக் கெளம்பு. ஒன்பது மணிக்கெல்லாம் துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டம் வந்துடும்."

கேட்ட கேள்விக்கு அம்மாவிடமிருந்து பதில் வராவிட்டால், அது மறதி இல்லை என்று அர்த்தம். ரோசலி நாற்பத்துநாலு வருடமாக அவளுக்கு மகள்.

நாளைக்கு நாற்பதாம் நாள். கோயிலில் அப்பாவுக்குக் கடைசிப் பாட்டு பாடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டில் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா தன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாரே, அந்தப் பிடி இன்னும் விடவில்லை. "அவனைக் குடுத்துடு ரோசி. குடுத்துடறேன்னு சொல்லு." யார் அவன், எங்கே கொடுப்பது, ஒன்றும் தெரியாமல் அவளும் "குடுத்துடறேம்பா" என்று சொல்லித் தொலைத்தாள். போகிற உயிருக்குக் கொடுத்த வாக்கு. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

வெளியே அண்ணன் மைரன் காரின் பின் சீட்டில் எதையோ குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி மெதுவாகக் கிடத்திக்கொண்டிருந்தான். பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான பொருள். அப்பா இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் துப்பாக்கி.

"ஞாபகம் இருக்கில்ல? ஜப்பான் சரணடைஞ்சப்ப எடுத்தது, ஒரு குண்டு கூட சுடாதது. அதை மட்டும் எழுதி வாங்கிட்டு வா. சாயங்காலம் ஆறு மணிக்கு மன்றத்துல படிக்கணும்."

"நீயும் வாயேன் மைரன். எனக்கு இதுல தலையும் தெரியாது வாலும் தெரியாது."

"முந்நூறு பேர், முந்நூறு துப்பாக்கி. நான் வரல."

முன்னாள் படைவீரர் மன்றத்துச் சுவரில் அப்பாவின் துப்பாக்கியை இன்று மாட்டப்போகிறார்கள். போன வருடம் ஒருவர் தன் மாமனார் பறித்ததென்று ஒரு வாளைக் கொண்டுவந்து மாட்டினார். கடைசியில் அது கடையில் வாங்கிய வாள் என்று தெரிந்து மன்றத்தின் மானம் கப்பலேறியது. அதிலிருந்து முத்திரை தெரிந்த ஒருவரிடம் சீட்டு வாங்கி வரவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

மைரன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். வியட்நாமிலிருந்து வந்த காலத்திலிருந்து அவனுக்கு யாரையும் நேராகப் பார்த்துப் பேச வராது. கார்ச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பாவோடது சுத்தமான கை. அதை நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும். என் கை மாதிரி இல்ல."

*

சந்தை நடக்கும் தீயணைப்பு மண்டபத்து வாசலில் ஒரு பெரியவர் துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சுட முடியாதபடி அதன் போல்ட்டில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவைக் கோத்து இறுக்கினார். பழைய இரும்பாலைக்காரர், அப்பாவோடு வேலை பார்த்தவர்.

"என்ன ரோஸ், யாரைச் சுடப்போற? புருஷனையா?"

"அவன் ஓடிப்போய் ஆறு வருஷமாச்சு. அவனுக்கு ஒரு தோட்டா தண்டம்."

அவர் சிரித்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "வாசில் நல்ல மனுஷன்மா. போரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசறவன்தான் புளுகுவான்."

டாக்டர் ஸ்நேவ்லியின் மேஜை அடுப்பங்கரைப் பக்கம் இருந்தது; வரிசை நகர்ந்து அவள் முறை வர மூன்று மணி ஆகிவிட்டது. முப்பது வருடம் பல் பிடுங்கியவர். இப்போது துப்பாக்கிகளின் முத்திரை பார்த்துச் சொல்கிறார். கருவிகள் மட்டும் அதேதான்: பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, கொக்கி ஊசி, நெற்றியில் விளக்கு.

"ரோசலி! கடைவாய்ப் பல்லு எப்படி இருக்கு?"

"நீங்கதான் பிடுங்கிட்டீங்களே டாக்டர்."

"அப்ப வலிக்காது, நல்லது." விரிப்பைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. "வா ராசா வா. வாயை நல்லாத் திற."

எண்ணைப் படித்தார். போல்ட்டின் அடியிலிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே எண். ஒரே குடும்பம். இது எந்த ஆலை, எந்த வருஷம்னு எழுதிடலாம்." எழுதினார். "உங்கப்பா என்ன சொன்னார்?"

"போர் முடிஞ்சப்புறம் துறைமுகத்துல மலை மாதிரி குவிச்சு வெச்சிருந்தாங்களாம். விறகு பொறுக்கற மாதிரி ஒண்ணைப் பொறுக்கிட்டு வந்தேன்னு சொல்லுவார். பூன்னு ஏதோ சொல்வாங்களே, அது இல்லைனா சரணடைஞ்சதுதானே?"

"அது சரி. ஜப்பான்காரங்க துப்பாக்கி எல்லாத்துலயும் இந்த இடத்துல பதினாறு இதழ்ல ஒரு சாமந்திப் பூ இருக்கும். அரசரோட முத்திரை. தோத்துட்டோம், துப்பாக்கியக் குடுக்கறோம், அரசர் பூவையுமா எதிரி கைல குடுக்கறதுன்னு தேய்ச்சுட்டுத்தான் குடுத்தாங்க. பூ இல்லைனா குவியல்ல எடுத்தது. பூ இருந்தா..." அவர் நிறுத்தினார். "பூ இருந்தா, அதை வெச்சிருந்தவன் தன் இஷ்டத்துக்குக் குடுக்கலன்னு அர்த்தம்."

"இதுல இல்லையே."

"இல்லதான்."

நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பக்கத்து மேஜையில் யாரோ தோலுறைக்குப் பேரம் பேசினார்கள். அடுப்பங்கரையில் கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதங்கும் வாசனை வந்தது. டாக்டர் குட்டிக் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கொக்கி ஊசியால் மெதுவாக வருடினார்.

பல் டாக்டர் பேச்சை நிறுத்தினால் பல் போச்சு.

"சொல்லுங்க டாக்டர்."

"லட்சக்கணக்குல தேய்ச்சாங்க. ஒவ்வொண்ணா உக்காந்து பார்த்துச் செய்ய நேரம் ஏது? சாணைச் சக்கரத்துல காட்டி ஒரு இழு. பள்ளமா, வளைவா கீறல் விழும். இங்க பாரு. வளைவே இல்ல. தட்டையா, பொறுமையா, நேர்க்கோடு. இந்தப் பல்லை வீட்டுல வெச்சு யாரோ அரத்தால ராவியிருக்காங்க. ராவி முடிச்சு, கடையில சீசால விப்பாங்களே கருப்பு மருந்து, அதைத் தடவி மறைச்சிருக்காங்க. அந்த மருந்து நம்ம ஊர் மருந்து."

"அப்படின்னா?"

"அப்படின்னா இந்தத் துப்பாக்கி பூவோடதான் நம்ம ஊருக்கு வந்திருக்கு."

டாக்டர் கண்ணாடியை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தட்டையான இடத்தின் ஓரத்தில், நகக்கண் அளவில், ஒற்றை இதழின் நுனி மிச்சம் இருந்தது.

"ரோசலி, பூ இருந்தாத்தான் மதிப்பு. இத்தனை வருஷத்துல பூவைப் பொய்யா வெட்டி ஏமாத்த வந்தவன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். பூவை அழிச்சு ஏமாத்தின ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "கீறல் எல்லாம் இந்தப் பக்கமா சாயுது பாரு. வலது கைக்காரன் ராவினா அந்தப் பக்கம் சாயும். இவன் இடது கை."

அவள் மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகியது.

வீட்டில் அப்பாவின் கரண்டி எப்போதும் தட்டுக்கு இடப்பக்கம்தான் இருக்கும். முப்பத்தொன்பது நாளாக அம்மா அதை இன்னும் அங்கேயேதான் வைக்கிறாள்.

"டாக்டர், சரணடைஞ்சதுன்னே எழுதிடுங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எழுத மாட்டேன்மா. என் பேர் போட்டு அதை எழுத முடியாது." அவர் பேனாவை மூடினார். "ஆனா எழுதாம விட முடியும். எப்படி வந்ததுங்கற இடத்தைக் காலியா விட்டுடறேன். நிரப்பறது உங்க பாடு."

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்டையின் அடிப்பக்கத்தைத் தட்டினார். இரும்புத் தகடு, இரண்டு திருகாணி. "இந்தத் திருகாணியோட தலை தேய்ஞ்சு மின்னுது. அடிக்கடி திறந்து மூடியிருக்காங்க. உள்ள ஏதோ ஆடுது. நான் திறக்கல. அது உங்க வீட்டு விஷயம்."

*

வீட்டுக்குப் போக இருபது நிமிடம். ரோசலி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

மூடிக்கிடந்த இரும்பாலையின் மதில் ஓரமாகக் காரை நிறுத்தினாள். பின் சீட்டில் ஆள் இருப்பது போலவே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். விரிப்பு மட்டும்தான்.

ஒரு சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. மைரன் காயம்பட்டு ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம். நிலவறையிலிருந்து கர், கர், கர் என்று அரம் போடும் சத்தம். "அப்பா என்னம்மா பண்றார்?" என்று கேட்டதற்கு, "மண்வெட்டி தீட்டறார்" என்றாள் அம்மா. நவம்பர் மாதம், தரை கல்லாக உறைந்து கிடக்கிறது. நவம்பரில் எவன் மண்வெட்டி தீட்டுவான்?

அப்புறம் மைரன் வந்தான். வந்தவன் நிலவறையில் போய் உட்கார்ந்துகொண்டான். ஐந்தாம் நாள் அப்பா படியில் பாதி இறங்கி நின்று சொன்னது மேலே இருந்த அவளுக்கும் கேட்டது. "நான் யாரையும் சுட்டதில்லடா மைரன். உனக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டார். ஒருவரைத் தேடி ஒருவர் அந்தப் படியை அதற்குப் பிறகு முழுதாகக் கடக்கவே இல்லை. மைரன் கல்யாணம் பண்ணினான், ஒன்றரை வருடத்தில் மனைவி போய்விட்டாள், அவன் மறுபடி அதே நிலவறைக்கே குடிவந்தான். அப்பா மேலே, அவன் கீழே.

சொல்வதா, விடுவதா?

சொன்னால், அவன் சாமி மாதிரி வைத்திருக்கிற அந்தச் சுத்தமான கை போய்விடும். செத்தவரைக் காட்டிக்கொடுத்த பாவமும் சேரும். சொல்லாவிட்டால், ஆறு மணிக்கு அவன் நூறு பேர் முன்னால் எழுந்து நின்று பொய்யைப் படிப்பான். அதைப் பொய்யென்று தெரியாமல் படிப்பான். அவள் கை தட்டுவாள்.

துப்பாக்கியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டையைக் காதோரம் பிடித்து ஆட்டினாள். டிக். ஏதோ சின்னது. உலோகம்.

உடனே அதைக் கீழே வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

*

மைரன் நிலவறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருடமாகப் போடாத வெள்ளைச் சட்டை.

"கெடச்சுதா?"

துப்பாக்கியை விரிப்போடு இறக்கி வைத்துவிட்டுச் சீட்டை நீட்டினாள். அவன் படித்தான். மணி நாலரை.

"எப்படி வந்ததுங்கற இடம் காலியா இருக்கே."

"டாக்டருக்குக் கை வலியாம்."

"இவ்வளவும் எழுதினவருக்கு அந்த ஒரு வரி எழுதத்தான் கை வலிச்சுதா?"

"மைரன்..."

"ரோஸ். உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலயும் வராது. ஜாம் தின்னுட்டு மூஞ்சியத் துடைக்காம வந்து நிப்ப."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னாள். சாணைச் சக்கரம் இல்லை, அரம். ஜப்பான்காரன் இல்லை, இந்த வீடு. வலது கை இல்லை. சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து இஸ்திரிப் பெட்டியையே பார்த்தாள்.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் போய் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான்.

"காயம்பட்டுக் கெடந்தப்ப, ஜப்பான்ல யோகோஹாமா ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருந்தான். கால் இல்ல. பொழுதன்னைக்கும் துப்பாக்கிப் பேச்சுதான். அவன்தான் எனக்கு இந்தப் பூக் கதையைச் சொன்னான். அன்னைக்கே அப்பாவுக்கு எழுதினேன். 'நம்ம துப்பாக்கில பூ இருக்காப்பா? பார்த்து எழுது'ன்னு."

"பதில் வந்துதா?"

"வரல. ஊருக்கு வந்த அன்னைக்குப் பையைக்கூட இறக்காம நேரா இங்கதான் வந்தேன். எடுத்துப் பார்த்தேன். இல்ல. அதோட சரி. இருபத்தாறு வருஷமா தொட்டதில்ல. இன்னைக்குக் கூட விரிப்போடதான் தூக்கினேன்."

"அப்ப உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"நிம்மதியா?" முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "பூ இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன் ரோஸ். விமானத்துல வந்த அவ்வளவு நேரமும் அதே வேண்டுதல். தப்பா நெனைக்காதே. அவர் ஒருத்தனைக் கொன்னிருக்கணும்னு இல்ல. கொன்னதுக்கப்புறம் எப்படித் தூங்கறது, எப்படிச் சோறு தின்னறதுன்னு கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

மைரன் விரிப்பைப் பிரித்தான். அந்தத் தட்டையான இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். இப்போது அவனும் பட்டறைக்காரன். இருபது வருடமாக இரும்பைத் தேய்க்கிற விரல் அது. சுவரில் வரிசையாகத் தொங்கிய அப்பாவின் அரங்களில் மூன்றாவதை எடுத்தான். பிடியில் கருப்பு நாடா சுற்றியது. அதை இடது கைக்கு மாற்றினான். கீறலின் சாய்வுக்கு ஒட்டி மெல்ல வைத்தான்.

அரம் அந்த இடத்தில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"என் கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் பண்ணியிருக்கார்" என்றான். "நான் பூவைப் பார்த்துட்டு, ஏன்பா பொய் சொன்னேன்னு கேட்டுடக் கூடாதுன்னு. கேட்டா சொல்லணுமேன்னு."

"அவருக்கு என்ன பயமோ மைரன்..."

"ராத்திரி மூணு மணிக்கு எனக்கு மேல நடக்கிற சத்தம் கேக்கும். தினமும். மூத்திரம் போறாருன்னு நெனச்சேன்." அரத்தைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தான். "நான் கீழ நடப்பேன், அவர் மேல நடப்பார். நடுவுல ஒரு பலகை. ரெண்டு பேரும் இருபத்தாறு வருஷம் ஒண்ணாத்தான் நடந்திருக்கோம்."

ரோசலி எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தாள். உதறவில்லை. அவன் தோளைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவன் துப்பாக்கியை நிமிர்த்தினான். டிக்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவனைக் குடுத்துடுன்னார்" என்றாள் ரோசலி. "ஆஸ்பத்திரில. அதைன்னு சொல்லல மைரன். அவனைன்னு சொன்னார். நானும் சரின்னுட்டேன். நாளையோட நாற்பது நாள்."

மைரன் திருப்புளியை எடுத்தான். முதல் திருகாணி எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் திருப்புளியை வைத்தான்.

மேலே நாற்காலி நகர்ந்தது. படிக் கதவு திறந்தது. மூட்டு வலி வந்ததிலிருந்து அம்மா நிலவறைப் பக்கமே வந்ததில்லை. இன்று படியில் பாதிவரை இறங்கி வந்து, அப்பா அன்று நின்ற அதே படியில் நின்றாள்.

கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் மைரன் பக்கத்தில் இருந்த அரத்தைப் பார்த்தாள். அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தாள்.

"மண்வெட்டின்னு சொன்னேன் இல்ல?" என்றாள் ரோசலியிடம். "என் வாயால சொன்ன பொய். நான்தான் சுமக்கணும்."

"அம்மா, உனக்கு..."

"எல்லாம் தெரியும். கல்யாணத்தன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டார். இந்தத் துப்பாக்கிய வெச்சிருந்தவன், நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அவன் இந்த வீட்டுல இருக்கான்." அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். "இங்க வெச்சுத் திறக்காதே மைரன். கீழ ரொம்பக் குளிரும். அந்தப் பிள்ளையை மேல கொண்டு வா."

அவள் திரும்பி ஏறினாள். மைரன் துப்பாக்கியை விரிப்போடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அப்பா பாதியில் நின்றுவிட்ட அந்தப் படியை நிற்காமல் ஏறினான். பின்னால் ரோசலி.

சமையலறை மேஜையில் அம்மா மூன்று தட்டு வைத்திருந்தாள். அப்பாவின் கரண்டி இடப்பக்கம் இருந்த இடத்தில், நான்காவதாக ஒரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தது, உள்ளங்கை அகலத்தில். அதன் மேல் ஒன்றும் இல்லை. எதற்காகவோ காத்திருந்தது.

மன்றத்தில் இந்நேரம் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். மணி ஐந்தேகால்.

அம்மா சன்னலோரத்து இரண்டாவது தம்ளரை எடுத்து அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அவன் பேர் எனக்குத் தெரியும்" என்றாள். "உக்காருங்க."